பகலில் கண்மூடிய பிஸ்தா

சனிக்கிழமை காலை. டிகாக்‌ஷன் இறங்கக் காத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டது. திறந்தால் கீழ்வீட்டு ஜகபர் பாய். இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, கையில் ஒரு செருப்புப் பெட்டி. பெட்டியின் மூடியில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"தங்கச்சி, ஒரு ஒத்தாசை வேணும். டாக்டர்ட்ட போவணும். கூட வாரியளா? அந்தம்மா இங்கிலீஷ்தான் பேசுமாம்."

பாய் காயல்பட்டினத்துக்காரர். இங்கே பஹ்ரைனில், ஈசா டவுனில், சின்னதாக ஒரு துணிக்கடை வைத்திருக்கிறார். அரபியில் பேரம் பேசுவார், ஹிந்தியில் சண்டை போடுவார், மலையாளத்தில் ஜோக் அடிப்பார். ஆங்கிலம் என்றால் மட்டும் ஒதுங்கிக்கொள்வார்.

"யாருக்கு உடம்பு சரியில்ல பாய்? உங்களுக்கா?"

பெட்டியைக் கொஞ்சம் உயர்த்திக் காட்டினார். "பிஸ்தாவுக்கு."

பிஸ்தா ஒரு பச்சோந்தி. ஆமாம், சரியாகத்தான் படித்தீர்கள். இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும் – என் வீட்டில் ஒரு மீன்தொட்டிகூடக் கிடையாது. பல்லியைப் பார்த்தாலே நாற்காலியில் ஏறி நிற்கிற ஜாதி நான். என்னைப் போய் ஒரு பச்சோந்திக்கு மொழிபெயர்ப்பாளராகக் கூப்பிட்டால்?

ஆனால் பாயின் முகத்தைப் பார்த்த பிறகு மறுக்க முடியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

பிஸ்தா அவருடைய மகள் ரிஸ்வானாவின் செல்லம். ஸ்கூல் படிக்கும்போது அடம்பிடித்து வாங்கியது. நான்கு பக்கமும் வலையடித்த உயரமான கூண்டு, உள்ளே நிஜச் செடி, மேலே தனி விளக்கு என்று அதற்கு ஒரு அரண்மனையே கட்டி வைத்திருந்தாள். பிளஸ் டூ முடித்துத் திருச்சியில் காலேஜ் சேர்ந்தாள். துணைக்கு அம்மாவும் போய் அங்கேயே வீடெடுத்துத் தங்கிவிட்டார். பிஸ்தாவை விமானத்தில் ஏற்ற வழியில்லை. பாயிடம் ஒப்படைத்துவிட்டுப் போனாள். ஏர்போர்ட்டில் அப்பாவைக் கட்டிக்கொண்டு அழுததைவிட, வீட்டில் கூண்டுக்கு முன்னால் நின்று அழுததுதான் அதிகம் என்று பாய் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்.

காரில் உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்து காட்டினார்.

நான் பார்த்த பிஸ்தா இளம்பச்சையாக இருக்கும். இது கருத்துப்போன வாழைப்பழத் தோல் நிறத்தில் இருந்தது. பச்சோந்திக்குக் கண் கோபுரம் மாதிரி வெளியே துருத்திக்கொண்டு, சுற்றிச் சுற்றிப் பார்க்கும். ஒரு கண் முன்னால் பார்த்தால் மற்றது பின்னால் பார்க்கும். பிஸ்தாவின் வலது கண்ணோ ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி வீங்கி மூடியிருந்தது. இமை நடுவில் இருக்கிற சின்ன ஓட்டையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து ஒட்டியிருந்தது. இடது கண் பாதி திறந்து, பிறகு அதுவும் மூடிக்கொண்டது.

"எப்போலேர்ந்து பாய்?"

"கொஞ்ச நாளா. மொதல்ல தூங்குதுன்னு நெனச்சேன். அப்புறம் பூச்சி போட்டாலும் நாக்கை நீட்ட மாட்டேங்குது. பூச்சி அது மேலேயே ஏறி நடக்குது தங்கச்சி. அதுக்குத் தெரியல."

வண்டி மெயின் ரோட்டில் ஏறியதும் தாழ்ந்த குரலில் சொன்னார்: "புள்ளைக்கிட்ட சொல்லிராதிய."

"ரிஸ்வானாவுக்குத் தெரியாதா?"

தெரியாதாம். தினமும் சாயங்காலம் வீடியோ கால் வருமாம். "பிஸ்தாவைக் காட்டுங்க" என்பாளாம். "நெட் சரியில்லமா" என்று கேமராவை அணைத்துவிட்டு, போனில் இருக்கிற பழைய வீடியோவில் ஒன்றை எடுத்து அனுப்பிவிடுவாராம். பச்சைப் பசேலென்று பிஸ்தா இலை மேல் நடக்கிற வீடியோ. மகள் ஹார்ட் போட்டுவிட்டுத் தூங்கப் போவாளாம்.

"செமஸ்டர் பரீட்சை வருது. கேட்டா அழுவா. படிப்புக் கெட்டுப்போவும். சரியானதும் சொல்லிக்கலாம்னு..."

நம்மில் யார் இதைச் செய்யாதவர்?

கத்தாரில், ராஸ் லஃபானில் வேலை பார்க்கிற என் மாமா மகன் ஒருமுறை சைட்டில் விழுந்து கையை உடைத்துக்கொண்டான். கட்டு பிரிக்கிற வரைக்கும் வீட்டுக்கு வீடியோ கால் பேசினான் – கழுத்துக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி போனைச் சாய்த்து வைத்துக்கொண்டு. அத்தை அவனிடம், "ஏன்டா, ரொம்பக் கிட்ட வந்து பேசுற?" என்று கேட்டிருக்கிறார். "ஆசையா இருக்கும்மா" என்றானாம்.

ஊரில் இருக்கிறவர்கள் மட்டும் குறைச்சலா? "அப்பாவுக்கு லேசா காய்ச்சல்" என்றால் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். "முடிஞ்சா ஒரு தடவை வந்துட்டுப் போயேன்" என்றால் என்ன அர்த்தம் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிடுவோம். கடல் தாண்டி வந்த நமக்கு, பிரியத்தைக் காட்டத் தெரிந்த ஒரே வழி மறைப்பதுதான் போலிருக்கிறது.

டாக்டர் வெள்ளைக்காரப் பெண். ஊர்வன, பறவைகள் பார்க்கிறவர். குரல் உயராமல் பேசினார். பிஸ்தாவைப் பெட்டியிலிருந்து எடுத்த விதத்திலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது – பிடிக்கவில்லை, கையைக் கிளை மாதிரி நீட்டினார், அது தானாகத் தடவித் தடவி ஏறியது.

பச்சோந்தி பகலில் கண்ணை மூடாதாம். மூடினால் ஏதோ ஒன்று சரியில்லை. ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது என்றார். அது தன் நோயைக் கடைசி வரைக்கும் மறைக்கிற பிராணியாம். காட்டில் சோர்ந்து தெரிந்தால் எவனாவது தின்றுவிடுவான், அதனால். வெளியே தெரிகிற நேரத்தில் உள்ளே ரொம்ப தூரம் போயிருக்கும் என்றார். நான் இதைத் தமிழில் சொன்னபோது பாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கேள்விகள். தண்ணீர் எப்படிக் கொடுக்கிறீர்கள்?

"கிண்ணத்துல வெக்கிறேன். தெனம் மாத்திருவேன். மினரல் வாட்டர்தான்" என்றார் பாய்.

டாக்டர் மெதுவாகத் தலையை ஆட்டினார். தேங்கி நிற்கிற தண்ணீரைப் பச்சோந்திக்குத் தண்ணீர் என்றே அடையாளம் தெரியாதாம். இலை மேல் சொட்டுகிற துளியைத்தான் நக்கிக் குடிக்கும். ரிஸ்வானா காலையும் மாலையும் ஸ்ப்ரே பாட்டிலால் செடி முழுக்க நன்றாக நனைப்பாளே, அது அதற்காகத்தான். பாய் அதைச் செடிக்கு ஊற்றுகிற தண்ணீர் என்று நினைத்திருக்கிறார். ஏ.சி. ஓடுகிற வீடு, காய்ந்த காற்று, இந்த ஊர்ப் புழுதி. கண்ணுக்குள் ஒரு தூசி விழுந்தால் அது கண்ணை உருட்டி உருட்டித் தானே கழுவி வெளியே தள்ளிவிடுமாம். ஆனால் கழுவ உடம்பில் தண்ணீர் வேண்டுமே?

வெளிச்சம்?

"லைட்டு எரியுது. அணைக்கிறதே இல்ல பகல்ல. ஜன்னல் ஓரமாத்தான் வெச்சிருக்கேன், வெயிலும் படும்."

அந்த விளக்கு, கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிரைக் கொடுக்கிற விளக்கு. சில மாதங்களில் அந்தக் கதிர் தேய்ந்துபோகும். ஆனால் பல்பு பளிச்சென்று எரிந்துகொண்டுதான் இருக்கும். அதனால் எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது, காலத்துக்கு மாற்ற வேண்டும். ஜன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெயிலால் ஒரு பயனும் இல்லை, கண்ணாடி அந்தக் கதிரைத் தடுத்துவிடும்.

கேட்கும்போது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. வருஷம் முழுக்க வெயில் கொளுத்துகிற ஊரில் இருந்துகொண்டு, நாம் அத்தனை பேரும் வைட்டமின் டி மாத்திரை சாப்பிடுகிறோம். வீடு, கார், ஆபீஸ், மால்... எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். பிஸ்தா மட்டும் என்ன பாவம் செய்தது?

சாப்பாடு?

கடையிலிருந்து வாங்குகிற வெட்டுக்கிளிப் பூச்சிதான். அந்தப் பூச்சிக்கு நீங்கள் என்ன கொடுக்கிறீர்கள் என்றார் டாக்டர். பூச்சிக்கா? பாய்க்குப் புரியவில்லை. எனக்கும்தான். பட்டினி கிடக்கிற பூச்சி வெறும் ஓடு என்றார். கேரட், சர்க்கரைவள்ளி, கீரை இதெல்லாம் பூச்சிக்கு முதல் நாளே கொடுத்து, அதன் வயிறு நிறைந்த பிறகுதான் பச்சோந்திக்குப் போட வேண்டும். இல்லையென்றால் வைட்டமின் ஏ குறையும். குறைந்தால் முதலில் வீங்குவது கண்.

பேசிக்கொண்டே சுத்தமான உப்புநீரால் இரண்டு கண்களையும் கழுவினார். இமையை இழுத்துத் திறக்கவே இல்லை. இமை ஓட்டையில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒட்டியிருந்தது ஊறித் தானாக வருகிற வரை பொறுமையாகக் காத்திருந்தார். வீட்டில் யாரும் பஞ்சு, குச்சி, நகம் என்று எதையும் உள்ளே விடக் கூடாது என்று என்னைப் பார்த்துச் சொன்னார். வலது கண்ணுக்குள்ளே ஒரு சாயத்தை விட்டு, விளக்கை அணைத்து, நீல வெளிச்சத்தில் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுவரை ஏதாவது மருந்து போட்டீர்களா?"

பாய் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். ஊர் சொட்டு மருந்து.

நமக்கு விளக்க வேண்டியதில்லை. வளைகுடாவில் எந்தத் தமிழ் வீட்டைத் திறந்தாலும் அலமாரியில் ஒரு மருந்துப் பை இருக்கும். லீவு முடிந்து வரும்போது பெட்டியில் முறுக்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தது. காய்ச்சல் மாத்திரை, வயிற்று மாத்திரை, சுளுக்குத் தைலம், ஆறு மாதம் முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்த ஆன்டிபயாடிக்கில் மிச்சம். இங்கே டாக்டரிடம் போகிறதென்றால் லீவு கேட்க வேண்டும், அப்பாயின்ட்மென்ட் வேண்டும். பெரிதாக ஏதாவது என்றால் "ஊர்ல போய்ப் பாத்துக்கலாம்". பல் வலியா, ஊர்ல பாத்துக்கலாம். முட்டி வலியா, ஊர்ல பாத்துக்கலாம். அதுவரைக்கும் அந்தப் பை நம் ஆஸ்பத்திரி.

பாயும் அந்தப் பையைத்தான் திறந்திருக்கிறார். கண் மருந்துதானே? மனுஷனுக்கு நல்லதென்றால் வாயில்லாப் பிராணிக்கும் நல்லதுதானே? காலையும் மாலையும் தவறாமல் விட்டிருக்கிறார். கடையை மத்தியானம் மூடிவிட்டு வந்துகூட விட்டிருக்கிறார்.

டாக்டர் லேபிளைப் படித்தார். பிறகு பாட்டிலை மேஜை மேல் வைத்துக் கையால் நகர்த்தினார்.

"கலாஸ்" என்றார். போதும் என்கிற அந்த ஒரு வார்த்தையை மட்டும் அரபியில் சொன்னார். "இனி இதைத் தொடாதீர்கள்."

அது ஸ்டீராய்டு கலந்த மருந்து. மனிதர்களுக்கு ஆப்பரேஷன் முடிந்தபின் வீக்கம் குறையக் கொடுப்பது. கருவிழியில் புண் இருக்கும்போது விட்டால் புண் ஆறாது. ஆழமாகிக்கொண்டே போகும், கிருமிக்குக் கொண்டாட்டம். தூசியால் ஒரு கீறல் விழுந்திருக்கலாம், கழுவி ஒரு வாரம் பார்த்திருந்தால் ஆறியிருக்கும். இப்போது வலது கண்ணைப் பற்றி உறுதி சொல்ல முடியாது. இடது கண்ணையும் உயிரையும் காப்பாற்றப் பார்க்கலாம்.

இதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. முழுங்கி முழுங்கிச் சொன்னேன். பாதியைக் குறைத்துச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் முழுக்கச் சொன்னேன்.

"நல்லதுக்குத்தானே தங்கச்சி போட்டேன்" என்றார். அவ்வளவுதான். பெட்டியின் மூடியை எடுத்து, அதன் ஓரத்தை விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

டாக்டருக்கு அடுத்த பிரச்சினை. வைட்டமின் ஏ ஊசி போட வேண்டியிருக்கலாம். ஆனால் அது உடம்பில் தங்கிவிடுகிற வைட்டமின். ஏற்கெனவே பவுடராகக் கொடுத்திருந்தால் மேற்கொண்டு போடுவது விஷமாகிவிடும். முன்பு என்ன பவுடர் கொடுத்தார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை, எடை எவ்வளவு இருந்தது – வளர்த்தவர் யாரோ அவரைக் கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

வளர்த்தவர் திருச்சியில் இருக்கிறார்.

பாய் என்னைப் பார்த்தார். நான் பிஸ்தாவைப் பார்த்தேன். அது டாக்டரின் விரலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு கண்ணும் மூடி, பட்டப்பகலில் இருட்டில் உட்கார்ந்திருந்தது.

அவர் போனை எடுத்தார். ஆடியோ காலில்தான் கூப்பிட்டார். அவள் எடுத்ததுமே, "என்ன வாப்பா, இந்த நேரத்துல? வீடியோ ஆன் பண்ணுங்க" என்றாள். ஆன் செய்தார். கொஞ்ச நேரம் தன் முகத்தையே காட்டிக்கொண்டிருந்தார். பிறகு போனை மெதுவாகத் திருப்பினார்.

நான் அழுகையை எதிர்பார்த்தேன். "டாக்டர் கிட்ட குடுங்க வாப்பா" என்றாள்.

பதினெட்டு வயதுப் பெண். ஆங்கிலத்தில் கடகடவென்று சொன்னாள். கால்சியம் பவுடர் ஒவ்வொரு தடவையும், மல்டிவைட்டமின் மாதம் இரண்டு முறை, அதில் வைட்டமின் ஏ நேரடியாகக் கிடையாது. எடை இவ்வளவு. கடைசியாகத் தோல் உரித்தது இன்ன மாதம். டாக்டர் எழுதிக்கொண்டே தலையாட்டினார். "நான் போன அப்புறம் பவுடர் குடுத்தாங்களான்னு தெரியல" என்று தமிழில் நிறுத்தினாள்.

"தீந்துபோச்சுமா" என்றார் பாய். "எங்க வாங்கணும்னு கேட்டா, வாப்பாவால முடியலன்னு நெனப்பியோன்னு... கேக்கல."

டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னார். சொட்டு மருந்து விஷயத்தையும். அவர் மறைக்கிற ஆள் இல்லை. இது சாகுமா என்று அவள் கேட்டாள். தெரியாது, ஆனால் சண்டை போடுகிறது என்றார். ஒரு கண் போனாலும் பச்சோந்தியால் வாழ முடியும், ஒற்றைக் கண்ணாலேயே தூரத்தை அளந்து நாக்கை நீட்டுகிற சக்தி அதற்கு உண்டு என்றார். அப்போதுதான் ரிஸ்வானா அழுதாள். டாக்டர் போனைப் பாயிடம் கொடுத்துவிட்டு ஊசியைத் தயார் செய்ய நகர்ந்தார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "வாப்பா, அந்த டிராப்ஸ் யாரோடது?"

பாய் மேஜை மேல் இருந்த பாட்டிலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"டாக்டர் ஆப்பரேஷன்னு சொன்னாங்க. யாருக்கு ஆப்பரேஷன்?"

"எனக்குத்தாம்மா. போன லீவுல. கண்ணுல புரைதான். சின்ன விஷயம், எல்லாருக்கும் வாறதுதான்."

"போன லீவுல நீங்க கல்யாணத்துக்குப் போனீங்க. நான் போர்டு எக்ஸாம் எழுதிட்டு இருந்தேன்."

"கல்யாணமும் இருந்துச்சு."

"உம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்போ எனக்கு மட்டும்தான் தெரியாது." குரலில் கோபம் இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "இன்னொரு கண்ணு எப்படி இருக்கு?"

"அதுலயும் கொஞ்சம் இருக்கு. மங்கலாத்தான் தெரியுது. அடுத்த லீவுல ஊர்ல பாத்துக்கலாம்னு..."

அவள் ரொம்ப மெதுவாகக் கேட்டாள். "அதனாலதான் பிஸ்தாவோட கண்ணு வீங்கினது உங்களுக்குத் தெரியலையா வாப்பா?"

ஜகபர் பாய் போனை என்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார். கண்ணாடிக் கதவு வழியாக அவர் முதுகு மட்டும் தெரிந்தது. நான் அந்தப் பெண்ணிடம் என்ன பேசினேன் என்று சத்தியமாக நினைவில்லை.

இதை எழுதுகிற இன்று பிஸ்தா உயிரோடு இருக்கிறது. இடது கண் திறந்துவிட்டது, நிறமும் மெல்லத் திரும்புகிறது. வலது கண்ணில் பார்வை வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். புது பல்பு போட்டாயிற்று. பூச்சிகள் கேரட் தின்கின்றன. காலையும் மாலையும் செடியில் மழை பெய்கிறது. மருந்து விடுகிற நேரத்தில் ரிஸ்வானா வீடியோவில் இருக்கிறாள். "இன்னும் கொஞ்சம் லெஃப்ட் வாப்பா" என்று அங்கிருந்து சொல்வாள். இங்கே அவர் நகர்த்துவார். முந்தாநாள் பாய் கண் ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டு வந்தார். அடுத்த லீவுவரை தள்ளக் கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். அதையும் அன்றைக்கே மகளிடம் சொன்னாராம்.

பரீட்சை? நன்றாகத்தான் எழுதுகிறாளாம். தெரிந்தால் தாங்க மாட்டார்கள் என்று நாம் யாரை நினைக்கிறோமோ, அவர்கள் தாங்கிவிடுகிறார்கள். தெரியாமல் போனதைத்தான் அவர்களால் தாங்க முடிவதில்லை.

இன்றைக்கு ஊருக்குப் போன் போடுவீர்கள்தானே? "நல்லா இருக்கேன்" என்று சொல்வதற்கு முன்னால் ஒரு நிமிஷம் நிறுத்திவிட்டு, எப்படி இருக்கிறீர்களோ அதைச் சொல்லுங்கள்.